சாக்குக்கு இரண்டு கிலோ

நான் கம்பியூட்டரை உடைத்தேன் என்று ஒரு கதை பதுளைப் பக்கத்து ஆசிரியர்கள் மத்தியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்தப் பொய். அந்தக் கம்பியூட்டரில் என் விரல்கூடப் பட்டதில்லை. அதற்குள் இருந்த ஒரு வரியை மாற்றச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு வரியை மாற்றியதற்கே ஒரு திட்டம் படுத்துவிட்டது என்றால் கோளாறு திட்டத்தில் இருந்தது, என்னிடம் இல்லை.

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு டெப், சிலேட்டு அளவுக் கம்பியூட்டர். பிள்ளை அதில் கணக்குச் செய்யச் செய்ய, எங்கே பிழை, எதில் பலவீனம் என்று அதுவே சொல்லிவிடுமாம். "டீச்சர், இந்த மாதிரி ஒண்ணு தொண்ணூறுகள்லயே நம்ம பக்கம் இருந்துச்சாமே, நீங்கதான் ஒடச்சீங்களாமே?" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்டதால் தேத்தண்ணி கொடுத்தேன். இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். ஓய்வூதியத்தை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது.

என் பெயர் பாக்கியம். தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணினேன், தொண்டர் ஆசிரியையாக நின்றேன், நியமனம் கிடைத்தது, பயிற்சிக் கலாசாலையில் கணிதம் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பசித்தது, படித்தேன். பிறகு பதினான்கு வருடம் தோட்டப் பாடசாலை. ஒரே நீள மண்டபம், நடுவில் தடுப்புக் கிடையாது. இந்தப் பக்கம் நான் பின்னம் நடத்துவேன், அந்தப் பக்கம் தேவாரம் பாடுவார்கள். பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே படித்தார்கள்.

அங்கேதான் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. சரியான விடையைத் திருத்துவதில் எனக்கு ருசியே இல்லை. பிழையான விடையைக் கண்டால் விடமாட்டேன். ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழி என்றால் ஒரு பிள்ளை இருபத்தாறு என்று எழுதும். அந்தப் பிள்ளை மடையன் இல்லை. எட்டிலிருந்து இரண்டு போகும், இரண்டிலிருந்து எட்டுப் போகாது, ஆகவே பெரியதில் சிறியதைக் கழித்துவிட்டது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று இன்னொன்று எழுதும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. இப்படி ஒவ்வொரு பிழையையும், அதற்குப் பின்னால் இருந்த நினைப்பையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். பிள்ளைகள் அதற்குத் தப்புக் கொப்பி என்று பெயர் வைத்தார்கள். ஒன்று நிறைந்து, இரண்டாகி, ஏழு கொப்பிகள் ஆயின.

அந்தக் கொப்பிகளால்தான் என்னை ஆசிரிய ஆலோசகராக்கி பதுளையில் அலுவலகத்துக்கு எடுத்தார்கள். எடுத்தவர் குலசிங்கம் சார். கணிதத்துக்குப் பொறுப்பான மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் பதுளைக் குளிரில் இருபது வருடம் இருந்தவர். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனை. பென்சிலால் வாசிப்பார், பேனையால் கையெழுத்து வைப்பார். எந்தக் கடிதத்தையும் இரண்டு தரம் வாசிக்காமல் பேனையைத் திறக்க மாட்டார். ஓரம் சரியாக விடாத கடிதம் திரும்பி வரும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நீங்கள் என்ன சொன்னாலும், எவ்வளவு ஆத்திரத்தோடு சொன்னாலும், கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எழுத்தில தாங்கோ" என்பார். பாதிப் பேரின் ஆத்திரம் அந்த இடத்திலேயே தணிந்துவிடும். எழுதத் தொடங்கினால் மீதியும் தணிந்துவிடும். எனக்கு மட்டும் எழுத எழுதக் கூடும்.

தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டு உதவியோடு ஒரு கம்பியூட்டர் வந்தது. அதற்கு ஒரு தனி அறை, கண்ணாடிக் கதவு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கோயில் மாதிரி. அதோடு ருவன் என்று ஒரு பையன் வந்தான். பண்டாரவளைச் சிங்களப் பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்தவன், மரியாதை தெரிந்தவன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். இந்தத் திட்டத்துக்கு நிபுணத்துவ முறைமை என்று பெயர் என்றான். ஒரு துறையில் கைதேர்ந்த ஆளைப் பிடித்து, அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்டு, ‘இப்படி இருந்தால் இது’ என்று ஒவ்வொரு விதியாகக் கம்பியூட்டருக்குள் போடுவது. பிறகு அந்த ஆள் இல்லாமலே கம்பியூட்டர் முடிவு சொல்லும்.

விளங்கவில்லை என்றேன். அவன் முன்பு தேயிலை நோய்க்குச் செய்திருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினான். இலையில் எண்ணெய் பட்ட மாதிரி வட்டமா? ஆம். அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? ஆம். நாலைந்து நாளாக மழையா? ஆம். கொப்புள நோய், இன்ன மருந்து அடியுங்கள் என்று சொன்னது. அட, எங்கள் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர்கூட இவ்வளவு சட்டென்று சொல்ல மாட்டார். சோதித்துப் பார்க்க, உலகத்தில் இல்லாத ஒரு இலையை நான் சொன்னேன். நீலக் கோடு, வெயில் காலம், காம்பில் முள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘எனக்குத் தெரியவில்லை. இலையைப் பறித்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்’ என்று காட்டியது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய மிசின்?"

"அதுதான் டீச்சர் இதன் நல்ல குணம்" என்றான் ருவன். அந்தப் பேச்சு என் காதில் ஏறவில்லை.

பிறகு நாலு மாதம் அவன் என்னைப் பிடித்து உலுக்கினான். தப்புக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகத் திறப்பான். "இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க? வெறும் கவனக்குறைவா இருக்கலாமே?" என்பான். மூன்று கணக்கில் ஒரே மாதிரி செய்திருக்கிறதே என்பேன். உடனே ஒரு அட்டையில் எழுதுவான். ‘மூன்று தரம் ஒரே மாதிரி என்றால்.’ பதினெட்டு வருடமாக என் தலைக்குள் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததை அவன் துண்டு துண்டாக அட்டையில் எடுத்தான். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருநூறு அட்டையைத் தாண்டியது.

கடைசி நாள். நாலரைக்குத் தெமோதரை பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டேன். ருவன், "டீச்சர், ஒரே ஒரு கேள்வி. இந்த விதிகளில் ஒன்றுமே பொருந்தாவிட்டால் என்ன சொல்ல?" என்றான்.

"ஒண்ணும் பொருந்தலன்னா அந்தப் பிள்ளைக்கு எண்ணே வெளங்கலன்னு அர்த்தம். அடியில இருந்து தொடங்கணும். போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் கிடைத்தது. யன்னல் ஓர இருக்கையும் கிடைத்தது.

முதல் வருடம் எல்லோரும் எங்களைத் தலையில் வைத்து ஆடினார்கள். பாடசாலைகளிலிருந்து விடைத்தாள் கட்டுகள் வரும். எழுதுவினைஞர் விடைகளைக் கம்பியூட்டரில் தட்டுவார். பிரிண்டர் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டு பிள்ளையின் பெயரையும் குறையையும் அடித்துத் தள்ளும். ‘கடன் வாங்கிக் கழித்தல் விளங்கவில்லை.’ ‘தசமப் புள்ளியின் இடம் விளங்கவில்லை.’ ஆசிரியர்கள் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். கணித ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

அடுத்த வருடம் ஒரு நல்ல காரியம் கூடி வந்தது. பதுளையில் ஒரு பெரிய பாடசாலை, தோட்டத்துப் பிள்ளைகள் சிலரைப் பத்தாம் வகுப்பில் கணிதத்துக்குச் சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டது. விடுதியும் உண்டு. தோட்டப் பாடசாலைகளில் அப்போது ஒன்பதுக்கு மேலே கணிதம் சொல்லித்தர ஆளில்லை. அந்த இடம் கிடைக்காத பெண் பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கொழுந்துக் கூடைதான். ஒரு பரீட்சை வைத்து, நிபுணத்துவ முறைமை தரும் பட்டியலின்படி எடுப்பது என்று குலசிங்கம் சார் முடிவு செய்தார். ஆளுக்கு ஆள் சிபாரிசு பிடிப்பதைத் தவிர்க்க அவர் செய்த ஏற்பாடு அது. நோக்கம் சுத்தமானது.

வினாத்தாளை நான் தயாரித்தேன். ஆப்பிள், கார், நீச்சல் தடாகம் என்று கேட்டு எங்கள் பிள்ளைகளைக் குழப்பியது போதும் என்று, எல்லாக் கணக்கையும் கொழுந்திலேயே போட்டேன். முதல் கேள்வி இப்படி: ‘ஒருவர் பறித்த கொழுந்தை நிறுத்தபோது தராசு காலையில் 7 கிலோ, பகலில் 9 கிலோ, பின்னேரம் 8 கிலோ காட்டியது. அன்று அவரது கொழுந்து எத்தனை கிலோ?’ அதிலிருந்து சராசரி, விகிதம், சமன்பாடு என்று ஏறிக்கொண்டு போகும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக் கணக்கு. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பட்டியல் வந்தது. தெமோதரைப் பக்கத்து ஒரு பாடசாலையில் எழுதிய பதினொரு பேரில் ஏழு பேருக்கு ‘எண்ணறிவு இல்லை. ஆரம்பத்திலிருந்து கற்பிக்கவும்’ என்று இருந்தது. பாவம், அங்கே சொல்லித்தந்த ஆள் சரியில்லை போல என்று நினைத்து அடுத்த தாளைப் புரட்டினேன். இதை எழுதும்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். கொழுந்துக் கறை படிந்த விரல்கள், சலவைச் சேலை. அந்த ஏழு பேரில் ஒருத்தியான தவமணியின் அம்மா, மாரியாயி. பாடசாலை அதிபர் கொடுத்த துண்டை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சர், எம்புள்ளைக்கு எண்ணத் தெரியாதுன்னு எழுதியிருக்காமே?"

"கம்பியூட்டர் பாத்துச் சொன்னதும்மா. தப்பா சொல்லாது."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? எங்க லயத்துல யாருக்குக் கணக்கு வேணும்னாலும் அவகிட்டதான் வருவாங்க. இன்னைக்கு ஒரு பேர விட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர். எம்புள்ளைய ஒரு வார்த்த கேட்டுட்டு, அப்புறம் தெரியாதுன்னு எழுதுங்க. நான் ஏத்துக்கறேன்."

பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலை. ஒரு பேரை விடுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் விதியை என்னிடமே கேள்வி கேட்பதா? பிள்ளையின் வாயாலேயே நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்றுதான் மறுநாள் பஸ் ஏறினேன். நியாயம் தேடி அல்ல.

தவமணி மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். விடைத்தாளை மேசையில் வைத்தேன்.

"மொதல் கேள்வி. ஏழு, ஒம்பது, எட்டு. எவ்வளவு?"

"இருபத்தி நாலு டீச்சர்."

"தாள்ல பதினெட்டுன்னு எழுதியிருக்க."

"ஆமாங்க டீச்சர்."

"ஏன்?"

இதைக்கூடவா கேட்பீர்கள் என்பது போல என்னைப் பார்த்தாள். "தராசு காட்டுனது இருபத்தி நாலு. நீங்க கொழுந்து எவ்வளவுன்னுதானே கேட்டீங்க? ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு ரெண்டு கழிக்கணும்ல. மூணு நிறுவைக்கு ஆறு."

நான் ஐந்தாவது விடையில் விரலை வைத்தேன். "சரி. அஞ்சாங் கேள்வி. ஒம்பது, பதினொண்ணு, பத்து. முப்பது. நீ ரெண்டு ரெண்டா கழிச்சா இருபத்தி நாலு வரணும். இருபத்தி ஒண்ணு எழுதியிருக்க."

"அதுல மழை நாள்னு போட்டிருந்தீங்க டீச்சர். மழைக்கு மூணு."

நான் தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். சராசரி எட்டு வர வேண்டிய இடத்தில் ஆறு. விகிதம், சமன்பாடு எல்லாம் கழித்த எண்ணிலிருந்து தொடங்கி, ஒரு படி பிசகாமல் போயிருந்தது. பன்னிரண்டு கேள்வியிலும் ஒரு தப்பு இல்லை. மற்ற ஆறு பேரும் தோட்டத்தின் இதே பிரிவுப் பிள்ளைகள், லீவு நாளில் அம்மாவோடு மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், வரிசையில் நிற்கிறவர்கள்.

ஐயோ, நானும் அந்த வரிசையில் நின்றவள்தானே! அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எத்தனை பின்னேரம் நின்றிருப்பேன். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து ஒன்று சொல்வார், துண்டில் ஒன்று எழுதுவார். அம்மா வாயைத் திறந்ததில்லை. அதை மறந்துதான் நான் படித்தேன், அதை மறந்ததால்தான் தராசு காட்டுவதும் துண்டில் எழுதுவதும் ஒன்றே என்று நம்பி வினாத்தாள் எழுதினேன். வெளியிலிருந்து வந்த ஆள் இந்தப் பிழையைச் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். லயத்தில் பிறந்த நான் செய்ததைத்தான் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. அந்த நேரம் ருவனின் தேயிலைத் திட்டம் ஞாபகம் வந்தது. புரியாத இலையைக் கண்டால் பறித்து அனுப்பிக் கேளுங்கள் என்று சொன்னதே! இலைக்குக் கொடுத்த அந்த மரியாதையை நான் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எண்ணறிவு இல்லாதவள் ஆக்கிவிட்டேன்.

அன்றே குலசிங்கம் சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி கவிழ்ந்தது.

"எழுத்தில தாங்கோ ரீச்சர்."

எழுதி வைத்திருந்தேன், ஓரமெல்லாம் சரியாக விட்டு. இரண்டு தரம் வாசித்தார்.

"விதி எல்லாம் உங்கட வாயால வந்தது. இப்ப பட்டியல் வந்த பிறகு மாத்தினா, தோட்டத்து ரீச்சர் தோட்டத்துப் பிள்ளையளுக்காக மாத்திப்போட்டா எண்டு சொல்லுவினம்."

"சொல்லட்டும் சார். உண்மதானே?"

"திங்கக்கிழமை உதவி செய்த ஆக்கள் வெளிநாட்டிலயிருந்து பாக்க வருகினம். அவை போகுமட்டும் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. அண்டைக்கே நான் பட்டியலில கையெழுத்து வைக்க வேணும்." பிறகு அந்த உத்தரவையும் எழுதி, சிவப்பில் கையெழுத்திட்டு என்னிடம் தந்தார். நான் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கினார்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணாடிக் கதவைத் திறந்து ருவனிடம் போனேன். மறைக்கவில்லை, வாசித்துக் காட்டினேன். அவன் நாடியைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"தோட்டத்துப் பிள்ளை என்றால் இரண்டைக் கூட்டிப் பார் என்று ஒரு விதி போடவா டீச்சர்?"

"வேணாம். இந்தத் தோட்டத்துல ரெண்டு. பக்கத்துல ஒண்ணரை. இன்னொரு எடத்துல என்ன கழிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்? எத்தன மடுவத்துக்கு விதி எழுதுவ? கடைசி விதிய மாத்து. ஒண்ணும் பொருந்தலன்னா, ‘எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைக் கேளுங்கள்’னு சொல்லட்டும்."

"இந்த முறைமைக்கு நிபுணர் நீங்கள். நிபுணர் விதியை மாற்றச் சொன்னால் நான் மாற்ற வேண்டும். என் வேலை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். அவன் விரல் தட்டுவதை நின்று பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அந்தச் சின்ன அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். வெளிநாட்டுக்காரர் மூன்று பேர், மாகாணத்துப் பெரியவர்கள், ஓரத்தில் நான். குலசிங்கம் சார் தலையசைக்க, ருவன் முழுப் பட்டியலையும் ஓட விட்டான். பிரிண்டர் கத்தத் தொடங்கியது. முதல் பாடசாலைகள் ஒழுங்காக வந்தன. பெயர், புள்ளி, குறை. வந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அந்தத் தெமோதரைப் பாடசாலை வந்தது. ‘எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைக் கேளுங்கள்.’ அடுத்த பெயருக்கும் அதுதான். ஏழு தரம், கொஞ்சமும் வெட்கப்படாமல் அது அடித்துக்கொண்டே போனது.

என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னவரின் குரல் இறங்கிப் போயிற்று. குலசிங்கம் சார் தாளைக் கிழித்தெடுத்து வாசித்தார். திரும்பவும் ஒரு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார், கவிழ்த்து வைக்க அவருடைய மேசை அங்கே இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். போனால் போகட்டும், தலையை மட்டும் குனிய மாட்டேன் என்று நேராகப் பார்த்தேன்.

"பிள்ளை எங்க ரீச்சர்?" என்றார்.

"வெளியில வாங்குல ஒக்காந்திருக்கு சார். அம்மாவும் வந்திருக்காங்க. நான்தான் வரச் சொன்னேன்."

தவமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குலசிங்கம் சார் சுண்ணக்கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "எழுத்தில தாங்கோ" என்றார், என்னிடம் சொல்கிற அதே மரியாதையோடு. அவள் சுவரில் இருந்த பலகையில் எழுதினாள். இருபத்தி நாலு, அதில் மூன்று இரண்டு ஆறு போக, பதினெட்டு. பக்கத்தில் மழை நாள் கணக்கு. அவர் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாக்கு எவ்வளவு நிறை வரும்?"

"அரைக் கிலோவும் வராது சார். கடைத் தராசுல போட்டுப் பாத்திருக்கேன்."

"அப்ப ஏன் ரெண்டு கழிக்கிறீர்?"

"அத நீங்க மடுவத்துலதான் சார் கேக்கணும்."

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொப்பியில் எதையோ வேகமாக எழுதினார். மாகாணத்துப் பெரியவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு பிள்ளையைக் கேட்டது போதாது, மற்ற ஆறு பேரையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து என்று குலசிங்கம் சார் அங்கேயே சொன்னார். சொன்னபடி மறுநாள் வெள்ளைச் சட்டையோடு தெமோதரை பஸ்ஸில் ஏறினார். தோட்டப் பாடசாலை மண்டபத்தில் ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பென்சிலால் குறித்துக்கொண்டே கேட்டார். நாலு பேர் தவமணியைப் போலவே கழித்திருந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கு உண்மையாகவே கணக்கு வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை என் மேசைக்கு இரண்டு தாள் வந்தது. ஒன்று புதிய பட்டியலின் பிரதி. தவமணி உட்பட ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். மற்றது என்னை ஆலோசகர் பதவியிலிருந்து எடுத்து, மொனராகலைப் பக்கத்து ஒரு பாடசாலைக்கு மாற்றும் கடிதம். இரண்டிலும் ஒரே சிவப்புக் கையெழுத்து. நேரே அவரிடம் போனேன்.

"பிள்ளையள் சரி, ரீச்சர். அதால பட்டியல் மாறினது" என்றார். "நீங்கள் எழுத்தில தந்த உத்தரவை மீறினீங்கள். அதால நீங்கள் மாறுறீங்கள். இரண்டையும் ஒண்டாக் கலக்க ஏலாது."

"திரும்பவும் இப்படி வந்தா திரும்பவும் மீறுவேன் சார்."

"தெரியும்" என்றார். "அதையும் எழுத்தில தாங்கோ."

தந்தேன். அது இன்னும் ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கும்.

திட்டத்துக்கு உதவி அந்த வருடத்தோடு நின்றது. பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லும் கம்பியூட்டரை யார் வாங்குவார்கள்? ருவன் கொழும்புக்குப் போனான். குலசிங்கம் சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நான் உடைத்தேன் என்ற கதை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்த அந்த இரண்டு ஆசிரியைகளிடமும் டெப்பை வாங்கி, என் பழைய வினாத்தாளின் கணக்குகளைப் போட்டு, முதல் கேள்விக்குப் பதினெட்டு என்றும், ஐந்தாவதற்கு இருபத்தொன்று என்றும் போடச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள், இந்தப் பிள்ளைக்குக் கூட்டலில் பயிற்சி தேவை என்று அழகான நிறத்தில் சொன்னது. ஒரு துளி சந்தேகம் இல்லை. "இத நல்லா பாவிங்க, ஆனா இதுக்குத் தெரியலன்னு சொல்லத் தெரியுதான்னு மொதல்ல பாருங்க. தெரியலன்னா நீங்க சொல்லுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மொனராகலைக்குப் போகிற அன்று பதுளை பஸ் நிலையத்தில் என் பெட்டியோடு நின்றேன். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வந்த மாரியாயி என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். கையில் ஒரு சோற்றுப் பொட்டலம். நான் ஏறி உட்கார்ந்த பஸ் உறுமிக்கொண்டு நிற்க, யன்னலுக்குக் கீழே நின்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"நேத்து மடுவத்துல மொதல்ல வெறுஞ்சாக்கத் தூக்கித் தராசுல போட்டேன் டீச்சர். ‘என்னடி புதுப் பழக்கம்’னாரு கணக்கப்பிள்ள. ‘டவுன்ல அம்மாம் பெரிய மிசினே எனக்குத் தெரியலன்னு ஒத்துக்கிச்சாம். ஒங்க தராசு ஒத்துக்காதாங்க ஐயா’ன்னு கேட்டேன். பின்னால நின்ன பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க சாக்கக் கையில எடுத்துட்டாங்க."

"கழிச்சாரா?"

"கழிச்சாரு." பொட்டலத்தை யன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "ஆனா ரெண்டு இல்ல டீச்சர். ஒண்ணு."